பொது வானம்

உலகிலுள்ள பொருள்களுள் சில ஒருவருக்கே உரியன. சில பலருக்கும் பொதுவானவை. ஒருவர் வாழும் வீடு அவருக்கு உரியது. ஊர்க்கிணறு ஊரார் அனைவர்க்கும் உரியது. தன் வீட்டுச் சுவரில் விரிசல் கண்டவன் அன்றே சுண்ணாம்பு குழைத்துப் பூசுவான். ஊர்க்கிணற்றின் கைப்பிடிச் சுவர் இடிந்தாலோ, 'யாரேனும் பார்த்துக்கொள்வர்' என்று ஒவ்வொருவரும் கடந்து செல்வர். இவ்வாறு எல்லாரும் கடந்து சென்றமையால் பாழான கிணறுகளும் தூர்ந்த குளங்களும் நம் நாட்டில் பலவாகும். பொதுப்பொருளைக் காத்தற்கு நல்லெண்ணம் மட்டும் போதாது. யார் எவ்வளவு கொள்ளலாம், எதனைச் செய்தல் ஆகாது என்னும் முறை வேண்டும். அம்முறையைப் பிறர் காணாத இடத்தும் கைக்கொள்ளும் மனம் வேண்டும். இவ்வுண்மையை விளக்குதற்குப் பழவேற்காட்டு ஏரியும், பழுதுற்ற குளிர்ப்பெட்டி ஒன்றும் போதுமானவை.

சென்னைக்கு வடக்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில், திருவள்ளூர் மாவட்டத்துக் கடற்கரையில் அமைந்துள்ளது பழவேற்காடு. முற்காலத்தில் ஒல்லாந்தர் இங்கே கோட்டை கட்டி வாணிகம் செய்தனர். அவர்தம் கல்லறைகள் இன்றும் அவ்வூரில் நின்று பழைய செய்தி கூறுகின்றன. ஊரின் பெயரையே தாங்கிய ஏரி, இந்தியாவின் உவர்நீர் ஏரிகளுள் ஒடிசாவிலுள்ள சிலிகா ஏரிக்கு அடுத்த இடத்தைப் பெறுவது. அதன் பெரும்பகுதி ஆந்திர மாநிலத்திலும், தென்பகுதி தமிழகத்திலும் பரந்து கிடக்கின்றன. ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் இடையே, விண்கலங்களை ஏவும் சிறீஅரிக்கோட்டாத் தீவு நீண்டு கிடக்கிறது. ஆரணியாறும் காளங்கியாறும் நன்னீரைக் கொணர்கின்றன. முகத்துவாரத்தின் வழியே கடல்நீர் ஏறி இறங்குகிறது. இருவகை நீரும் கலக்கும் இவ்வேரியில் இறாலும் நண்டும் மடவை மீனும் செழித்து வளர்கின்றன. பனிக்காலத்தில் பூநாரைகள் கூட்டமாக வந்து சேற்றில் இரை தேடும் காட்சி கண்ணுக்கு விருந்தாகும்.

ஏரியைச் சூழ்ந்துள்ள குப்பங்களில் வாழும் மக்களுக்கு அந்நீரே வயலாகவும் களஞ்சியமாகவும் உள்ளது. வேலி இல்லாத இவ்வயலில் யார் எங்கே வலை விரிப்பது? வலியவன் நல்ல இடத்தைப் பற்றிக்கொண்டால் எளியவன் வெறுங்கையோடு திரும்ப நேரும். இதனைத் தவிர்க்கவே முன்னோர் 'பாடு' என்னும் முறையை வகுத்தனர். கோட்டைக்குப்பம் முதலிய ஊர்களில் தலைக்கட்டுக் கணக்கில் இடம்பெற்ற குடும்பத்தார், இறால் மிகுதியாகக் கிடைக்கும் இடங்களைச் சீட்டு முறையிலும் சுழற்சி முறையிலும் தமக்குள் பகிர்ந்துகொள்வர். இன்று ஒருவருக்கு வாய்த்த இடம் மற்றொரு நாள் வேறொருவருக்குச் செல்லும். தம் முறை வாராத நாளில், நீரில் இறால் துள்ளுவதைக் கண்டாலும் அவர் அங்கே வலையை இறக்குவதில்லை. முறை தவறியவரை ஊர்ப் பஞ்சாயத்துக் கேட்கும். இம்முறையில் இடம் பெறாத குடிகளுக்கு மனக்குறை உண்டு என்பதும் மறைத்தற்கு உரியதன்று. பொதுப்பொருளைப் பகிரும் எந்த முறையும், எளியவரையும் உளங்கொண்டு நடந்தாலன்றி நிலைபெறாது.

ஏரி பொதுவானாற் போல வானமும் பொதுவானது. வானத்திற்கு எல்லைக் கல் இல்லை, பட்டாவும் இல்லை. நிலத்திற்கு மேலே ஏறத்தாழ 15 முதல் 35 கிலோமீட்டர் உயரத்தில் ஓசோன் என்னும் வாயு மெல்லிய போர்வை போலப் பரவியுள்ளது. நாம் உட்கொள்ளும் பிராணவாயுவில் அணுக்கள் இரண்டிரண்டாகச் சேர்ந்திருக்கும். ஓசோனில் அவை மும்மூன்றாகச் சேர்ந்திருக்கும். இதுவே இரண்டிற்கும் உள்ள வேறுபாடு. வானத்திலுள்ள ஓசோன் முழுவதையும் திரட்டித் தரைமட்டத்துக் காற்றின் அழுத்தத்திற்குக் கொண்டுவந்தால், அதன் கனம் ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் அளவே இருக்கும். அத்துணை மெல்லிய இப்போர்வையே கதிரவனிடமிருந்து வரும் புற ஊதாக் கதிர்களுள் கொடியவற்றைத் தடுத்து உயிர்களைக் காக்கிறது.

இக்கதிர்கள் மிகுந்தால் கண்ணில் புரை விழுதலும் தோலில் புற்று தோன்றுதலும் பெருகும் என்பர் மருத்துவர். நீரின் மேற்பரப்பில் மிதக்கும் நுண்ணுயிர்ப் பயிர்களும், மீன், இறால், நண்டு ஆகியவற்றின் இளங்குஞ்சுகளும் இக்கதிர்களால் நலிவுறும் என்று உயிர்நூலார் கண்டுள்ளனர். பழவேற்காட்டு இறாலின் வாழ்க்கையை நோக்கின் இதன் பொருள் விளங்கும். இறால் கடலில் முட்டையிடுகிறது. கண்ணுக்கும் புலனாகாத அதன் குஞ்சுகள் மிதந்து, நீரோட்டத்தோடு முகத்துவாரத்தின் வழியே ஏரிக்குள் புகுந்து வளர்ந்து, பின்னர்க் கடலுக்கு மீள்கின்றன. வலையில் விழும் ஒவ்வோர் இறாலும் ஒரு காலத்தில் வெயிலுக்கு எதிர்நிற்க இயலாத அத்தகைய குஞ்சாக இருந்ததே. ஓசோன் குறைவு துருவப் பகுதிகளில் நேர்ந்தது போல நம் நாட்டின்மேல் பெரிதாக நேரவில்லை என்பது உண்மை. ஆயினும், இயல்பாகவே வெயில் கடுமையான நாட்டில் வாழ்வோர், அவ்வெயிலைத் தணிக்கும் போர்வையை அலட்சியம் செய்தல் அறிவுடைமை ஆகாது.

இனி, வானத்து ஓசோனுக்கும் வீட்டுக் குளிர்ப்பெட்டிக்கும் உள்ள தொடர்பு யாது என்பதைக் காண்போம். மண்பானையில் ஊற்றிய நீர் குளிர்வது ஏன்? பானையின் நுண்துளைகளில் கசியும் நீர் ஆவியாகும்போது, அதற்கு வேண்டிய வெப்பத்தைப் பானையிலிருந்து எடுத்துக்கொள்கிறது. அதனால் பானை குளிர்கிறது. குளிர்ப்பெட்டியும் இவ்விதியின்படியே இயங்குகிறது. எளிதில் ஆவியாகும் ஒரு பொருள் அதன் குழாய்களில் ஓடுகிறது. பெட்டியின் உட்புறத்தில் அஃது ஆவியாகி வெப்பத்தைக் கவர்கிறது. பின்னர் அமுக்கும் பொறியால் நெருக்கப்பட்டு, பின்புறக் குழாய்களில் அவ்வெப்பத்தை வெளியே விட்டு மீண்டும் நீர்மமாகிறது. இவ்வாறு அது பல்லாண்டுகள் ஓயாது சுற்றிச் சுற்றி வருகிறது.

தொடக்கக் காலத்துக் குளிர்ப்பெட்டிகளில் அம்மோனியா, கந்தக ஈராக்சைடு போன்ற நச்சு வாயுக்கள் பயன்பட்டன. குழாய் ஒழுகினால் வீட்டில் உறங்குவோர் உயிருக்கே இடர் நேரும். இதனை நீக்க எண்ணிய அமெரிக்கப் பொறியியலார் தாமஸ் மிட்ஜ்லி என்பவரும் அவருடைய துணைவர்களும் 1928ஆம் ஆண்டில் புதிய வாயு ஒன்றை உருவாக்கினர். குளோரின், புளோரின், கார்பன் என்னும் மூன்றும் சேர்ந்தமையால் அவ்வகைப் பொருள்கள் குளோரோபுளோரோகார்பன் எனப்படும். 1930இல் அறிஞர் அவையொன்றில் மிட்ஜ்லி அவ்வாயுவைத் தம் மூச்சில் உள்ளிழுத்து, எரியும் மெழுகுவத்தியின்மேல் ஊதி அதனை அணைத்துக் காட்டினார். அது நச்சும் அன்று, தீப்பற்றுவதும் அன்று என்பதை அவையோர் கண்டு வியந்தனர். வீடுகள்தோறும் குளிர்ப்பெட்டி புகுவதற்கு வழி பிறந்தது. மனிதர்க்கு நன்மை கருதிச் செய்யப்பட்ட அவ்வாயுவே வானத்திற்குப் பகையாகும் என்பதை அந்நாளில் எவரும் அறிந்திலர்.

எதனோடும் எளிதிற் சேராத பொருள் எளிதில் அழிவதும் இல்லை. அதுவே இவ்வாயுவின் சிறப்பு. அதுவே அதன் குற்றம். 'ஆர்-12' எனப்படும் குளிர்ப்பெட்டி வாயு காற்றில் கலந்தால் ஏறத்தாழ 100 ஆண்டுகள் அழியாது நிற்கும். காற்று அதனைச் சிறிது சிறிதாக மேலே கொண்டுசெல்லும். அங்கே கடுமையான கதிர்கள் தாக்கியவுடன் அதிலிருந்து குளோரின் அணு பிரியும். அவ்வணு ஓசோனைச் சிதைக்கும். தான் சிதையாது மீண்டும் வேறோர் ஓசோனைப் பற்றும். இவ்வாறு ஒரே குளோரின் அணு ஓர் இலட்சம் வரையிலான ஓசோன் மூலக்கூறுகளை அழிக்கவல்லது. இதனை 1974ஆம் ஆண்டில் மரியோ மொலினா, ஷெர்வுட் ரோலண்ட் என்னும் விஞ்ஞானிகள் உலகிற்கு அறிவித்தனர். வாயுவைச் செய்வோர் அதனை ஏற்றிலர். ஆனால் 1985ஆம் ஆண்டில், தென்துருவத்தில் ஆய்வு நடத்திய ஆங்கில விஞ்ஞானிகள், அங்கே இளவேனிற்கால வானத்தில் ஓசோன் பெரிதும் குன்றிவிட்டதை அளந்து காட்டினர். அதன்பின் ஐயத்திற்கு இடமில்லாது போயிற்று. மொலினாவும் ரோலண்டும், அவர்களோடு பால் கிருட்சன் என்பவரும் 1995ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்றனர்.

இவ்வாயுவின் மற்றொரு தீமையைக் கண்டவர் தமிழர் ஒருவர். வீரபத்திரன் இராமநாதன் 1944ஆம் ஆண்டில் பிறந்தவர். அவருடைய பதினொன்றாம் வயதில் குடும்பம் பெங்களூருக்குக் குடியேறிற்று. அங்கே பாடங்கள் ஆங்கிலத்தில் நடந்தமையால், தமிழில் பயின்ற சிறுவர் தாமே முயன்று பொருளை ஆராயும் பழக்கத்தை மேற்கொண்டார். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் பயின்றபின், செகந்தராபாத்தில் குளிர்ப்பெட்டி செய்யும் தொழிற்சாலை ஒன்றில் வேலையில் அமர்ந்தார். பெட்டியிலிருந்து இவ்வாயு கசிவது ஏன் என்று கண்டு தடுப்பதே அவருக்கு இடப்பட்ட பணி. அப்பணியை அவர் விரும்பிச் செய்தார் அல்லர். எனினும் பின்னாளில் அமெரிக்கா சென்று ஆராய்ந்தபோது, அக்கசிவின் விளைவை அவரே கண்டறிய நேர்ந்தது. இவ்வாயுவின் ஒரு மூலக்கூறு, கரியமில வாயுவின் ஒரு மூலக்கூற்றைக் காட்டிலும் பதினாயிரம் மடங்குக்கு மேல் வெப்பத்தைத் தடுத்து நிறுத்தவல்லது என்று 1975ஆம் ஆண்டில் அவர் வெளியிட்டார். தொழிற்சாலையில் வேண்டாவெறுப்பாகச் செய்த வேலையும் அறிவுடையோர்க்கு வீண்போவதில்லை என்பதற்கு அவர் வாழ்க்கை சான்றாகும்.

தீமை தெளிவாகியபின் உலக நாடுகள் ஒன்றுகூடின. 1987ஆம் ஆண்டு செப்டம்பர் 16ஆம் நாள், கானடா நாட்டு மான்ட்ரியல் நகரில் ஓர் உடன்படிக்கை உருவாயிற்று. ஒவ்வொரு நாடும் இவ்வாயுக்களைப் படிப்படியாகக் குறைத்து முடிவில் நிறுத்த வேண்டும் என்பது அதன் சாரம். அந்நாளே உலக ஓசோன் நாளாக ஆண்டுதோறும் கொண்டாடப்படுகிறது. இங்கே ஒரு நியாயம் எழுந்தது. வாயுவை மிகுதியாக வெளியிட்டவை செல்வ நாடுகள். குளிர்ப்பெட்டியை அப்போதுதான் காணத் தொடங்கியவை ஏழை நாடுகள். இரண்டிற்கும் ஒரே சுமையை ஏற்றுதல் முறையாகுமா? ஆகாது என்று இந்தியா முதலிய நாடுகள் வாதிட்டன. வளரும் நாடுகளுக்குப் பத்தாண்டு கூடுதல் தவணை முன்னரே அளிக்கப்பட்டிருந்தது. தொழிலை மாற்றிக்கொள்ளும் செலவுக்குப் பொதுநிதி ஒன்றும் 1990ஆம் ஆண்டு இலண்டன் மாநாட்டில் உறுதி செய்யப்பட்டது. அதன்பின் 1992இல் இந்தியா உடன்படிக்கையில் சேர்ந்தது. இன்று உலக நாடுகள் யாவும் அதில் சேர்ந்துள்ளன. ஏரிக்குப் பாடு வகுத்த குப்பத்து முன்னோரின் அறிவும் வானத்திற்கு முறை வகுத்த உலக நாடுகளின் அறிவும் ஒருதன்மையனவே.

நம் நாடு தன் சொல்லைக் காத்தது. 2003ஆம் ஆண்டின் தொடக்கத்திலிருந்து புதிய குளிர்ப்பெட்டிகளில் இவ்வாயுவை அடைப்பது தடை செய்யப்பட்டது. இந்தியாவில் இதனைச் செய்துவந்த ஆலைகளுள் ஒன்று மேட்டூரில் இருந்தது. 2010ஆம் ஆண்டைக் கெடுவாகக் கொண்டிருந்தும், 2008ஆம் ஆண்டிலேயே நாட்டில் இதன் உற்பத்தி பெரும்பாலும் நிறுத்தப்பட்டது. பழுதுபார்ப்போர்க்கு, வாயுவைக் காற்றில் விடாது பிடித்துவைக்கும் பயிற்சியும் பல ஊர்களில் அளிக்கப்பட்டது. இப்போது விற்கும் பெட்டிகள் பலவற்றில் ஐசோபியூட்டேன் என்னும் வாயு உள்ளது. அது தீப்பற்றும் இயல்புடையதாயினும் ஓசோனுக்குத் தீங்கு செய்வதில்லை. இடைக்காலத்தில் வந்த 'ஆர்-134ஏ' என்னும் வாயுவும் ஓசோனைக் கெடுப்பதன்று. ஆயினும் உலகின் வெம்மையைக் கூட்டுவது.

ஆலைகள் நின்றுவிட்டன; ஆனால் முன்னரே செய்த வாயு முழுவதும் மறைந்துவிடவில்லை. 2003ஆம் ஆண்டுக்கு முற்பட்ட பெட்டிகளுள் இன்னும் எஞ்சியுள்ளவற்றில் அஃது உறங்கிக் கிடக்கிறது. குழாய்களில் ஓடும் வாயு 100 கிராமுக்குச் சற்று மிகுந்து இருக்கும். அதனினும் மிகுதியானது பெட்டியின் சுவருக்குள் மறைந்துள்ளது. வெளித்தகட்டுக்கும் உட்சுவருக்கும் இடையே, குளிர் வெளியேறாதபடி கெட்டியான நுரை நிரப்பப்பட்டுள்ளது. அந்நுரையைப் பொங்கச் செய்தற்கு இவ்வினத்தைச் சேர்ந்த 'ஆர்-11' என்னும் வாயுவைப் பயன்படுத்தினர். நுரையின் நுண்ணறைகளில் அஃது அடைபட்டுக் கிடக்கிறது. கடற்கரை ஊர்களில், ஓட்டம் நின்ற பெட்டியை மல்லாத்திக் கிடத்தி, பனிக்கட்டி இட்டு மீன் வைக்கும் பெட்டியாக்கிக்கொள்வது உண்டு. பெட்டியை உடைக்காது இவ்வாறு வைத்திருக்கும் வரையில் நுரையிலுள்ள வாயு மிக மெதுவாகவே கசியும். சுத்தியலால் உடைத்து நுரையைச் சிதறடிக்கும்போது அது விரைந்து வெளிப்படும். நுரைக்குத் தீ வைத்தாலோ, அருகில் நிற்போர் மூச்சில் கொடிய நச்சுப்புகை ஏறும்.

ஏரிக்கரைக் குப்பத்து மீனவர் இல்லம் ஒன்றை மனத்தகத்தே கொள்வோம். இருபத்தைந்து ஆண்டுகள் உழைத்த குளிர்ப்பெட்டி ஒன்று அவ்வீட்டுத் திண்ணையில் ஓய்ந்து நிற்கிறது. பழைய இரும்பு வாங்கும் வணிகர் வண்டியோடு வருகிறார்.

"பெரியவரே! பெட்டி கனமாக இருக்கிறது. அமுக்கும் பொறியையும் செம்புக் குழாயையும் இங்கேயே வெட்டி எடுத்துக்கொள்கிறேன், உரிய விலையைக் கையில் தந்துவிடுகிறேன்" என்கிறார் அவர்.

வீட்டுப் பெரியவர் இசைகின்ற வேளையில், உயர்நிலைப் பள்ளியில் பயிலும் பெயர்த்தி இடைமறிக்கிறாள். "தாத்தா! குழாயை வெட்ட வேண்டா என்று சொல்லுங்கள். உள்ளே இருக்கும் வாயு வானத்தைக் கெடுக்கும்."

"கண்ணுக்கே தெரியாத வாயுவால் அவ்வளவு பெரிய வானத்திற்கு என்ன கேடு வரும், அம்மா? ஒரு பெட்டியில் இருப்பது கைப்பிடி அளவுதானே?"

"நம் முறை வாராத நாளில் நீங்கள் ஏரியில் வலை இறக்குவது இல்லையே, ஏன் தாத்தா? நீங்கள் ஒருவர் இறக்கினால் ஏரி வற்றிவிடுமா?"

பெரியவர் சற்று நேரம் பேசவில்லை. பின்னர் வணிகரை நோக்கி, "தம்பி! நீ வருத்தப்படாதே. உன்மேல் குறை ஒன்றும் இல்லை. இதை வெட்டாமல் உரிய இடத்தில் சேர்க்க வழி இருக்கிறதா என்று கேட்டுப் பார்க்கிறேன். அதுவரை பெட்டி திண்ணையிலேயே இருக்கட்டும்" என்கிறார்.

அன்று அக்குடும்பத்திற்கு வரவேண்டிய சிறு தொகை வரவில்லை. மீன் வரத்துக் குறைந்த காலத்தில் அத்தொகையும் பெரிதே. திண்ணையில் இடமும் அடைபட்டது. பொதுநலம் பேணுவோர் இத்தகைய சிறு இழப்புகளை ஏற்கவேண்டி வருகிறது. அவ்விழப்பைப் பாராட்டுவோரும் எப்போதும் இரார். பழம்பொருள் வணிகரையும் பழித்தல் ஆகாது. வீணாகும் இரும்பையும் செம்பையும் மீண்டும் பயனுக்குக் கொண்டுவருவோர் அவரே. அவருக்கு உண்மையை உரைத்து, நேரிய வழியில் பிழைக்கத் துணைபுரிதல் அரசுக்கும் சமுதாயத்திற்கும் கடமையாகும்.

'ஒரு பெட்டியால் என்ன ஆகும்' என்னும் வினாவுக்குக் கணக்கும் விடை தருகிறது. ஒரு பெட்டியிலுள்ள 100 கிராம் 'ஆர்-12' வாயு, உலகின் வெம்மையைக் கூட்டும் ஆற்றலில் ஏறத்தாழ 1 டன் கரியமில வாயுவுக்கு நிகராகும். குழாயை வெட்டும்போது எழும் 'உஸ்' என்னும் ஒலி அடங்குமுன் அத்துணைத் தீங்கும் நிகழ்ந்துவிடும். அதனை மீட்டெடுக்க எவராலும் இயலாது.

அங்ஙனமாயின் செய்யத்தக்கது யாது? முதலாவது, பெட்டியின் பின்புறத்திலோ உட்புறத்திலோ பொறித்துள்ள தகட்டைப் பார்த்தல் வேண்டும். அதில் 'ஆர்-12', 'ஆர்-134ஏ', 'ஆர்-600ஏ' என்பவற்றுள் ஒன்று எழுதப்பட்டிருக்கும். இறுதியாகக் கூறியதே ஐசோபியூட்டேன். எவ்வாயு ஆயினும் குழாயை வெட்டுதலும் சுவரை உடைத்தலும் தீயிடுதலும் கூடா. இரண்டாவது, பெட்டியை முழுமையாக, அரசின் அனுமதி பெற்ற மின்கழிவு நிலையத்திடமோ, பழைய பெட்டியைப் பெற்றுக்கொள்ளும் விற்பனையாளரிடமோ ஒப்படைத்தல் வேண்டும். 'இதனை எங்கே கொண்டுசெல்வீர்?' என்று வினவி அறிதலும் வேண்டும். குளிர்ப்பெட்டியையும் உட்கொண்ட மின்கழிவு விதிகள் நம் நாட்டில் 2012ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்தன. அவற்றைத் திருத்திய புதிய விதிகள் 2023 ஏப்ரல் முதல் நடைபெறுகின்றன. பொருளைச் செய்து விற்றவரே அதன் இறுதிக் காலத்திற்கும் பொறுப்பாவர் என்பது அவ்விதிகளின் கருத்து.

முறையான நிலையத்தில், பொறியொன்றைக் குழாயில் பொருத்தி வாயுவை உறிஞ்சி உருளையில் அடைப்பர். எண்ணெயைத் தனியே வடிப்பர். பின்னர்ப் பெட்டியைக் காற்றுப் புகாத அறையில் நொறுக்கி, நுரையிலுள்ள வாயுவையும் பிரிப்பர். இவ்வாறு பிடித்த வாயுவை மிகுந்த வெப்பமுடைய உலையில் இட்டால் அது சிதைந்து ஒழியும். இதற்கெனச் சப்பான் நாட்டில் 2001ஆம் ஆண்டு முதல் சட்டம் நடைபெறுகிறது. பிரிட்டனிலோ வேறொரு படிப்பினை கிடைத்தது. நுரையிலுள்ள வாயுவையும் பிடித்தல் வேண்டும் என்னும் ஐரோப்பிய விதி 2002ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்தபோது, அதற்கு வேண்டிய ஆலைகள் அங்கே ஆயத்தமாக இல்லை. கழித்த பெட்டிகள் குன்றுகளைப் போலக் குவிந்தன. 'குளிர்ப்பெட்டி மலை' என்று பத்திரிகைகள் எழுதின. விதியை எழுதுவோர் வசதியையும் உடன் அமைத்தல் வேண்டும். நகரிலுள்ள நிலையம் குப்பத்து மக்களுக்கு எட்டாத தொலைவில் இருப்பின், வண்டி ஒன்று குறித்த நாள்களில் ஊர்தோறும் வந்து பெட்டிகளைப் பெற்றுச் செல்வதே தக்க வழியாகும்.

காத்திருக்கும் பெட்டியால் மற்றோர் இடரும் உண்டு. ஒளிந்து விளையாடும் சிறுவர் பழைய குளிர்ப்பெட்டிக்குள் புகுந்து, கதவு மூடிக்கொள்ள, மூச்சுத் திணறி உயிர் துறந்த துயரங்கள் பல நாடுகளில் நிகழ்ந்துள்ளன. உட்புறத்திலிருந்து திறக்கக்கூடிய கதவுகளையே அமைத்தல் வேண்டும் என்று அமெரிக்கா 1956ஆம் ஆண்டிலேயே சட்டம் இயற்றியது. ஆகையால், ஓய்ந்த பெட்டியின் கதவைத் திருகாணி கழற்றி அகற்றிவிடுதல் அல்லது கயிற்றால் இறுகக் கட்டிவைத்தல் இன்றியமையாதது.

முறையைக் கைக்கொண்டமையால் பயன் விளைந்ததா என்று கேட்போர் உளர். விளைந்தது. வானத்தில் இவ்வாயுக்களின் அளவு குறைந்து வருகிறது. இப்போதைய நெறி தொடருமாயின், உலகின் பெரும்பகுதியில் 2040ஆம் ஆண்டளவிலும், வடதுருவத்தில் 2045ஆம் ஆண்டளவிலும், தென்துருவத்தில் 2066ஆம் ஆண்டளவிலும் ஓசோன் 1980ஆம் ஆண்டு நிலையை மீண்டும் அடையும் என்று விஞ்ஞானிகள் 2022ஆம் ஆண்டு மதிப்பீட்டில் கணித்துள்ளனர். இடையில் 2018ஆம் ஆண்டில், 'ஆர்-11' வாயுவின் குறைவு எதிர்பார்த்த அளவு இல்லை என்பது கண்டறியப்பட்டது. யாரோ மறைவாக அதனைச் செய்கின்றனர் என்று ஐயுற்ற விஞ்ஞானிகள், காற்றை அளந்து அளந்து, அது பெரும்பாலும் சீனத்தின் கிழக்குப் பகுதியிலிருந்து வருகிறது என்று காட்டினர். அதன்பின் சில ஆண்டுகளில் அக்கேடு தணிந்தது. முறை தவறி இரவில் வலை இறக்கியவனைக் காலையில் ஊரார் அறிந்துகொள்வது போன்றதே இது.

ஆலைகளையும் நாடுகளையும் அளந்து காணலாம். ஆனால் ஒரு தெருவின் கோடியில், ஒரு திண்ணையில், ஒரு குழாய் வெட்டப்படுவதை எந்தக் கருவியும் தனித்துக் காட்டுவதில்லை. அங்கே காவல் புரிவது அவ்வீட்டாரின் மனமே. இளைஞர்கள் தத்தம் ஊரில் ஓய்ந்து கிடக்கும் பழைய பெட்டிகள் எத்தனை என்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். அவற்றின் தகட்டைப் படித்து, வீட்டிலுள்ள பெரியோர்க்குப் பொருள் உரைத்தல் வேண்டும். பெட்டிகள் ஒருங்கே சேர்ந்தால் எடுத்துச் செல்ல வண்டி வருதல் எளிது. ஆதலின் ஊராட்சி மன்றத்தாரிடம் ஒரு விண்ணப்பம் எழுதிக் கொடுத்தலும் நன்று. பாடு முறையைப் பிள்ளைகளுக்குக் கற்பித்தவர் பெற்றோர். வானத்து முறையைப் பெற்றோர்க்குக் கற்பிக்கும் பொறுப்பு இன்று பிள்ளைகளைச் சேர்ந்துள்ளது.